சாமி இல்லாத காகிதங்கள்

திண்டிவனத்தில், தாண்டவராயன் வீட்டு முன்னறை மின்விசிறி சுற்றிப் பதினோரு வருஷம் ஆகிறது. விசிறியில் ஒரு குறையும் இல்லை. சுற்றினால் காகிதம் பறக்கும், அதனால் சுற்றுவதில்லை. கடைசியாக ஒரு சித்திரை மாதம், புழுக்கம் தாங்காத விருந்தாளி ஒருவர் கேட்காமல் கொள்ளாமல் சுவிட்சைத் தட்டிவிட்டார். அன்றைக்கு ஜன்னல் வழியாக வெளியேறிய தண்ணீர் வரி ரசீது ஒன்று மரக்காணம் வரைக்கும் போய்க் கடலில் இறங்கி, நெத்திலியோடு நெத்திலியாக ஒரு வலையில் ஏறி வந்தது. வலைக்காரர் நல்ல மனுஷர். உப்பைத் தட்டி, வெயிலில் காயவைத்து, ரசீதில் இருந்த முகவரிக்கே தபாலில் அனுப்பிவைத்தார். நம்பாதவர்களுக்குக் காட்டுவதற்காகத் தாண்டவராயன் அந்தத் தபால் உறையையும் பத்திரப்படுத்தினார்.

அவர் விற்பனைக் கூடத்தில் முப்பத்து நான்கு வருஷம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை மூட்டைகளுக்கு எடைச் சீட்டு எழுதியவர். சீட்டு இல்லாத மூட்டையை அவர் மூட்டை என்றே ஒப்புக்கொண்டதில்லை. அது கண்ணெதிரே கிடந்தாலும் சரி, காலில் இடித்தாலும் சரி. தினமும் வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது அந்தப் பழக்கமும் கூடவே வந்தது. மின்கட்டணம், வீட்டு வரி, ரேஷன், காஸ், பஸ் டிக்கெட், ரத்தப் பரிசோதனை என்று எந்தக் காகிதம் வந்தாலும் நாலாக மடிப்பார், கம்பியில் குத்துவார், கம்பி நிறைந்தால் சணலில் கட்டிப் பரணில் ஏற்றுவார். பரண் நிறைந்த பிறகு கட்டில் நிறைந்தது. கட்டில் நிறைந்த பிறகு அவரும் அவர் மனைவி வடிவும் தரையில் படுத்தார்கள். ஒருமுறை முடி வெட்டிக்கொள்வதற்கு இவர் ரசீது கேட்கப்போய், முடி வெட்டுகிறவர் பாதித் தலையோடு அனுப்பிவிட்டார். மீதிப் பாதியை வேறு கடையில் முடித்துக்கொண்டு அங்கே ரசீது வாங்கினார்.

இதனால் தெருவில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. தாண்டவராயன் கைக்குப் போன காகிதம் தொலையாது. வேறு எந்தப் பெயரும் அவருக்குக் கிடைக்கவில்லை என்பதால், இந்த ஒன்றைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வந்தார்.

போன தை மாதம் அவருக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். பத்து நாள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், எதையும் உற்றுப் பார்க்கக் கூடாது என்றார் டாக்டர். வடிவு இந்தப் பத்து நாளுக்காகப் பதினோரு வருஷம் காத்திருந்தவள்.

"இன்னாங்க, எனக்கு அறுவத்திமூணு வயசாவுது. சாவறதுக்குள்ள ஒருவாட்டியாவது நான் கட்டில்ல படுக்கணும்" என்றாள்.

"படேன். யாரு வாணாம்னது?"

"தொண்ணூத்தெட்டாம் வருசத்துக் கரண்டு பில்லு படுத்துக்கினு இருக்குது. அத எழுப்பி வுடுங்க, நான் படுக்கறேன்."

ஞாயமான பேச்சு. தாண்டவராயனும் ஞாயமான மனுஷர்தான். எல்லாக் காகிதத்தையும் இரண்டாகப் பிரிப்பது என்று முடிவாயிற்று. எப்படிப் பிரிப்பது? சாமி படமோ சாமி பெயரோ போட்ட காகிதத்தைக் குப்பையில் போட முடியாது, மிதிக்கக் கூடாது, பழைய பேப்பர்காரனுக்கும் தரக் கூடாது. இதில் இருவருக்கும் ஒரே கருத்து. ஆகவே சாமி இருக்கிற காகிதம் ஜன்னல் பக்கம், சாமி இல்லாத காகிதம் கதவுப் பக்கம்.

மூன்று நாள் வேலை நடந்தது. வடிவு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பாள். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து தாண்டவராயன் தீர்ப்புச் சொல்வார்.

வேலை ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, திண்டிவனம் வட்டாரத்தில் சாமி இல்லாமல் யாரும் பில் அடிப்பதில்லை. மளிகைக் கடை பில்லில் லட்சுமி இருந்தாள். பெயிண்டுக் கடையில் பிள்ளையார் இருந்தார். டயருக்குப் பஞ்சர் ஒட்டிய துண்டுச் சீட்டில்கூட அங்காளம்மன் துணை நின்றாள். நானூற்றுச் சொச்சம் கல்யாணப் பத்திரிகைகளில் ஆளுக்கு ஒரு குலதெய்வம். கறிக்கோழிக் கடைக்காரர் மட்டும் கொஞ்சம் கூச்சப்பட்டு, முருகனை விட்டுவிட்டு முருகனுடைய சேவலை மாத்திரம் போட்டிருந்தார். சேவல் சாமியில் சேர்த்தியா என்று ஒரு மத்தியானம் முழுக்கப் பேசி, கடைசியில் ஜன்னல் பக்கமே வைத்தார்கள்.

"இது வீட்டு வரி. மேல கோபுரம் போட்டிருக்குதே?" என்றாள் வடிவு.

"அது அரசாங்க முத்திரை. உள்ள சாமி தெரியுதா?"

"தெரியல."

"அப்ப கதவுப் பக்கம்."

சனிக்கிழமை பழைய பேப்பர்காரன் வந்தான். தாண்டவராயன் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு உள்ளே மல்லாந்திருந்தார். எழுந்து வந்து பார்த்தபோது கதவுப் பக்கம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. அங்கே ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குடமும் இரண்டு சொம்பும் உட்கார்ந்திருந்தன.

அவர் குடத்தைத் தூக்கி அடியில் பார்த்தார். "கதவுப் பக்கம் இருந்தது எங்க?"

"போட்டாச்சு."

"ஜன்னல் பக்கம்தானே போறது?"

"சாமிய எப்படிங்க போடறது?"

"சாமிய ஆத்துல வுடறதுன்னு இல்ல நான் நெனச்சிக்கினு இருந்தேன்! அரசாங்கக் காகிதமெல்லாம் ஒரு பக்கமா சேந்துச்சேன்னு சந்தோசமா இருந்தேன்!"

"அத வாயத் தொறந்து சொல்லணும். மூணு நாளா சாமி இருக்குதா, சாமி இல்லியான்னு பேசிக்கினு இருந்தோமே, ஒருவாட்டியாவது எது போவும் எது இருக்கும்னு சொன்னீங்களா?"

சொல்லவில்லைதான். மூன்று நாள் ஒரே பாயில் உட்கார்ந்து, ஒரே சட்டத்தின்படி, ஒரு தகராறும் இல்லாமல் பிரித்திருக்கிறார்கள். நாற்பது வருஷத் தாம்பத்தியத்தில் இவ்வளவு ஒற்றுமையாக அவர்கள் எதையும் செய்ததில்லை.

போனது போகட்டும் என்று அவர் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்து வீட்டு மணிமாறன் வந்தான்.

மணிமாறன் புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவன். புதிதாகக் கார் வாங்கியிருந்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கும் சந்தில் அதை நிறுத்த வேண்டும். சந்தில் தாண்டவராயனுடைய குளியலறை துருத்திக்கொண்டு நின்றது. அந்த வீட்டுக்கு இருக்கிற ஒரே குளியலறை, ஒரே கக்கூசு எல்லாம் அதுதான்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பாத்ரூம் எங்க எடத்துல மூணு அடி வந்திருக்குது. வியாழக்கிழமை சர்வேயர் வர்றாங்க. அளந்து பாத்துட்டு ஒரு முடிவு பண்ணிக்கலாம்."

"தாராளமா அளந்துக்க. உங்கப்பா அந்த எடத்துல கட்டிக்கச் சொல்லி கைப்பட எழுதிக் குடுத்த கடுதாசி எங்கிட்ட இருக்குது. தொண்ணூத்தாறாம் வருசம்."

"அப்ப அத அன்னிக்கு எடுத்து வைங்க. நானும் பாத்ததே இல்ல."

மணிமாறன் போன பிறகுதான் தாண்டவராயனுக்கு உறைத்தது. மணிமாறனின் அப்பா பெயர் தெய்வசிகாமணி. பெயரில்தான் தெய்வம். ஆள் கறுப்புச் சட்டைக்காரர், கோயில் நிழல் விழுந்தால்கூடத் தள்ளி நடப்பார். கையெழுத்துப் போடும்போது முன்பாதியை வெட்டிவிட்டு வெறும் 'சிகாமணி' என்றுதான் போடுவார். அவர் எழுதிய கடுதாசியில் பிள்ளையார் சுழி இல்லை, முருகன் துணை இல்லை, ஒன்றும் இல்லை. தொண்ணூற்றாறாம் வருஷத்து வீட்டு வரிக் கட்டோடு, பத்திரமாக, கதவுப் பக்கம் போயிருக்கிறது.

பழைய பேப்பர்காரனைத் தேடிப் பிடித்தார்கள். "நல்ல கெட்டிப் பேப்பரா இருந்துச்சி பெரிசு. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டாண்ட சுப்பராயலு பஜ்ஜி கடைக்குப் போட்டுட்டேன்" என்றான்.

திங்கட்கிழமை காலை தாண்டவராயன் கறுப்புக் கண்ணாடியோடு விழுப்புரம் பஸ் ஏறினார். விக்கிரவாண்டி தாண்டும்போது பக்கத்து சீட்டில் இருந்தவர் மசால் வடையைத் தின்று முடித்துவிட்டுக் காகிதத்தை விரித்துப் படித்தார். பிறகு தாண்டவராயனைத் திரும்பிப் பார்த்தார். டிக்கெட் கொடுக்கும்போது கண்டக்டர் இவர் பெயரைச் சொல்லி நலம் விசாரித்தது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"திண்டிவனம் தாண்டவராயன் நீங்கதானா?"

"ஆமா. நீங்க யாரு?"

"நான் வளவனூருங்க. இந்த வட நேத்து விழுப்புரத்துல கட்டி வாங்கினது. உங்களுக்கு வெறும் வயித்துல சக்கரை இருநூத்தி எம்பத்தாறு இருக்குதே, இப்படி அஜாக்கிரதையா இருக்கலாமா?"

அன்று அவர் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டார். இரண்டே நாளில் விழுப்புரம் ஜில்லா அவரை மனப்பாடம் செய்திருந்தது. பஸ் ஸ்டாண்டில் பூக்காரி அவரை நிறுத்தி, அவர் கேட்காமலே சிறுநீரகக் கல்லுக்கு வாழைத்தண்டு சொன்னாள். கண்டமங்கலத்திலிருந்து வந்த ஒரு கூட்டம், இவர் வீட்டில் ஏன் மாசத்துக்கு ஐந்து லிட்டர் மண்ணெண்ணெய் ரேஷனில் வாங்கி மூன்று லிட்டருக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று தங்களுக்குள் விவாதித்துக்கொண்டிருந்தது. இவர் நின்று விளக்கம் சொல்லிவிட்டு நடந்தார்.

சுப்பராயலு கடையில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. காகிதங்கள் எல்லாம் பாதிப் பாதியாகக் கிழிக்கப்பட்டு ஒரு கொக்கிக் கம்பியில் தொங்கின. தாண்டவராயனுக்கு அதைப் பார்த்ததும் சொந்த வீட்டுக்கு வந்தாற்போல் இருந்தது.

"அண்ணே, அந்தப் பேப்பர் எல்லாம் என்னுது. ஒரு கடுதாசி தேடணும்."

சுப்பராயலு கரண்டியை எடுக்காமல் ஏற இறங்கப் பார்த்தார். "ஓ, வாங்க வாங்க! தொண்ணூத்தெட்டுல உங்க வூட்ல கரண்டு யூனிட்டு திடீர்னு ஏறிச்சே, ஏன்?"

"மச்சான் வந்து தங்கியிருந்தான்."

"நாலு மாசமா?"

"நாலு மாசம்."

"பில்லுல தெரிஞ்சிது. நான்கூட மீட்டர்தான் கோளாறோன்னு பாத்தேன்." சொல்லிவிட்டு வெங்காய பஜ்ஜியைப் புரட்டினார். "ஆனா பேப்பர்ல யாரும் கை வெக்கக் கூடாது. திங்கற பொருளு கட்டறது. கடையோட சுத்தம்னு ஒண்ணு இருக்குது இல்ல?"

"மொத்தமா வாங்கிக்கறேன்."

"மொத்தமா குடுத்துட்டு பஜ்ஜிய என் உள்ளங்கையில வெச்சிக் குடுக்கவா? பேஜாரு பண்ணாதீங்க. பஜ்ஜி வாங்குங்க, பேப்பர் தன்னால வரும். நாலு பஜ்ஜிக்கு ஒரு பேப்பர்."

வேறு வழி இல்லை. தாண்டவராயன் பெஞ்சில் உட்கார்ந்து பஜ்ஜி வாங்க ஆரம்பித்தார். இருநூற்று எண்பத்தாறு சர்க்கரையை வைத்துக்கொண்டு தானே தின்ன முடியாது. அதனால் பொட்டலத்தைப் பிரித்து, காகிதத்தைத் தான் வைத்துக்கொண்டு, பஜ்ஜியை நிற்கிற பஸ்களில் ஜன்னல் ஜன்னலாக விநியோகம் செய்தார். மத்தியானத்துக்குள் செய்தி பரவி, திருவண்ணாமலை வண்டி இரண்டு டிரிப் தாமதமாகப் புறப்பட்டது. சென்னைக்குப் போகிறவர்கள் விழுப்புரத்தில் இறங்கி பஜ்ஜி தின்றுவிட்டு அடுத்த வண்டியில் ஏறினார்கள். பிரியாணிக் கடை ஒன்று அந்த மூன்று நாளும் அடுப்பே மூட்டவில்லை. யாருக்கோ நேர்த்திக்கடன் என்று பேசிக்கொண்டார்கள். ஒரு அம்மாள் இவர் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டு மிளகாய் பஜ்ஜி கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்கு கடுதாசியின் மேல்பாதி வந்தது. வாழைக்காய் பஜ்ஜியோடு வந்தது. தாண்டவராயன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, டாக்டர் பேச்சை மீறி உற்றுப் பார்த்தார்.

'அன்புள்ள தாண்டவராயனுக்கு, நம் இரு வீட்டுக்கும் இடையே உள்ள சந்தில் என் பக்கத்தில் மூன்று அடி எடுத்துக்கொண்டு தாங்கள் குளியலறை கட்டிக்கொள்வதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை.'

"கெடச்சிதா?" என்றார் சுப்பராயலு.

"பாதி கெடச்சிது. கையெழுத்து கீழ்பாதில இருக்குது."

"அப்ப இன்னும் பஜ்ஜி போடணும்."

கீழ்பாதி புதன்கிழமை சாயங்காலம்தான் வந்தது. கம்பியில் கடைசிக்கு முந்தின தாள். அதற்குள் சுப்பராயலுவுக்கு அந்தக் கடுதாசி மேல் இவரைவிட ஆவல் முற்றிப் போயிருந்தது. சட்டத்தைத் தளர்த்தி, பஜ்ஜி கட்டாமலே எடுத்து நீட்டினார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தாண்டவராயன் காகிதம் வாங்குவார், மடிப்பார், குத்துவார். படிப்பதை அவர் ஒரு நாளும் தன் வேலையாக நினைத்ததில்லை. தொண்ணூற்றாறில் சிகாமணி இந்தக் கடுதாசியை நீட்டியபோதும் நன்றி சொல்லி வாங்கி, நாலாக மடித்துக் குத்தியதோடு சரி. இருபத்தெட்டு வருஷம் அதைப் பற்றித் தெருவெல்லாம் பேசியவர், அதை முதன்முதலாகப் படித்தது விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில்.

'ஆனால் என் மகன் மணிமாறன் பெரியவனாகி அந்த இடம் வேண்டும் என்று கேட்கும் நாளில், மறுபேச்சு இல்லாமல் தங்கள் செலவில் இடித்துக் கொடுத்துவிட வேண்டியது. இப்படிக்கு, சிகாமணி.'

பக்கத்தில் 'சம்மதம்' என்று எழுதி, கீழே தாண்டவராயன் கையெழுத்தே இருந்தது. படிக்காமல் போட்டது என்றாலும் அழகான கையெழுத்து.

"இன்னா எழுதியிருக்குது?" என்றார் சுப்பராயலு.

"நல்லா இருக்கீங்களான்னு கேட்டு எழுதியிருக்குது" என்றார் தாண்டவராயன்.

வீட்டுக்கு வந்து வடிவிடம் மட்டும் சொன்னார். வடிவு இரண்டு பாதியையும் கையில் வாங்கவே இல்லை. "கெடைக்கலன்னு சொல்லிடுங்க. பஜ்ஜி சுத்திப் போச்சின்னு சொல்லிடுங்க. எழுத்து இல்லன்னா சர்வேயர் அளந்துட்டுப் போயிடுவாங்க, அப்புறம் கேசு கீசுன்னு பத்து வருசம் போவும். அதுவரைக்கும் நான் குளிச்சிக்கினு இருப்பேன்" என்றாள்.

"சரி" என்றார் தாண்டவராயன். அன்று இரவு கட்டிலில் படுத்தும் இருவருக்கும் தூக்கம் வரவில்லை. தரையில் படுத்துப் பழகிவிட்டார்கள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு சர்வேயர் கலையரசி வந்தார். பைக்கை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, டேப்பை இழுத்து அளந்தார். தெருவில் பாதிப் பேர் சந்து வாசலில் கூடியிருந்தார்கள்.

"மூணு அடி ரெண்டு அங்குலம் மணிமாறன் சார் பக்கம் இருக்குது. இதுக்கு ஏதாவது எழுத்து வெச்சிருக்கீங்களாங்கய்யா?"

தாண்டவராயன் சட்டைப் பையில் இருந்து மேல்பாதியை மட்டும் எடுத்துக் கொடுத்தார். கலையரசி அதை இரண்டு விரலால் பிடித்து, எண்ணெய் சொட்டுகிறதா என்று பார்த்துவிட்டுப் படித்தார். "ஆட்சேபணை இல்லைன்னு இருக்குது. கையெழுத்து எங்கய்யா? இது பாதிதானே?"

"பாதிதான்" என்றார்.

"மீதி?"

தாண்டவராயன் வடிவைப் பார்த்தார். வடிவு கண்ணாலேயே சொன்னாள். அவர் வாயைத் திறந்தார். அதற்குள் கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

மணிமாறன் கெட்டவன் இல்லை. வாய்தான் சும்மா இருக்காது. "மாமா, நீங்களா! தாண்டவராயன் மாமா ஒரு பேப்பரத் தொலைச்சிட்டாரா? யோவ், இத எழுதி வையிங்கப்பா! இனிமே என் எல்.ஐ.சி. பத்திரத்தக்கூட உங்கள நம்பிக் குடுக்க மாட்டேன்."

தெரு முழுக்கச் சிரித்தது. தாண்டவராயன் மற்ற எதையும் பொறுத்துக்கொள்வார். பாதித் தலையோடு இதே தெருவில் பகல் பன்னிரண்டு மணிக்கு நடந்து வந்தவர்தான். இது வேறு.

"யாரு தொலைச்சது?" என்றார். "எவன்டா தொலைச்சவன்?"

வடிவு, "ஏங்க, ஏங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் வேட்டி மடிப்பில் இருந்து கீழ்பாதி வெளியே வந்துவிட்டது. மேல்பாதியைக் கலையரசி கையில் இருந்து வாங்கி, இரண்டையும் சேர்த்துச் சுவரில் அறைந்தார். பஜ்ஜி எண்ணெயில் அவை அப்படியே ஒட்டிக்கொண்டன.

"படிங்கம்மா. நல்லா சத்தமா படிங்க. ஒரு எழுத்து கொறஞ்சிருக்குதான்னு பாருங்க."

கலையரசி சத்தமாகப் படித்தார். 'இடித்துக் கொடுத்துவிட வேண்டியது' என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, தாண்டவராயனை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேலே படித்தார். மணிமாறன் சுவரில் ஒட்டியிருந்த அப்பாவின் கையெழுத்தைக் கிட்டே போய்ப் பார்த்தான்.

"மாமா, இத நீங்க காட்டாம இருந்திருக்கலாமே."

"காட்டாம இருந்தா, தொலைச்சிட்டேன்னுதானே சொல்லுவ?"

கலையரசி டேப்பைச் சுருட்டினார். சுவரில் இருந்த கடுதாசியைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, "இவ்ளோ வருசத்துக் காகிதத்த இவ்ளோ கரெக்டா வெச்சிருக்கறவங்கள நான் பாத்ததே இல்லங்கய்யா" என்றார். பாராட்டுதான். தாண்டவராயன் தலையை நிமிர்த்தி வாங்கிக்கொண்டார். வடிவு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

அடுத்த வாரம் குளியலறை இடிந்தது. இடித்ததற்கும் கல் அள்ளியதற்கும் தாண்டவராயன் தனித்தனியாக ரசீது வாங்கினார். பின்கட்டில் புதிதாகக் கட்ட மேஸ்திரி ஒரு மாசம் கேட்டார். அதுவரைக்கும் எங்கள் வீட்டுப் பாத்ரூமையே உபயோகித்துக்கொள்ளுங்கள் என்று மணிமாறன் தானாகவே வந்து சொன்னான். நல்ல மனதோடுதான் சொன்னான்.

"வாயால சொன்னா பத்தாது. எழுதிக் குடு" என்றார் தாண்டவராயன்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில், மணிமாறன் ஒரு தாளில் எழுதி நீட்டினான். வடிவு தோளில் துண்டு, ஒரு கையில் பச்சைக் குடம், மறு கையில் சோப்புப் பெட்டியோடு சந்தில் நின்றுகொண்டிருந்தாள். தாண்டவராயன் தாளை வாங்கினார். இந்த முறை மடிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியில் இருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு வரிக்கும் விரலை வைத்துப் படித்தார். முடித்ததும் தாளைத் திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். மறுபடியும் முதல் வரிக்குப் போனார்.

"ஜல்தியா ஆவட்டுங்க" என்றாள் வடிவு.

"இரு. அவசரப்பட்டா ஆவாது." மூன்றாவது முறையும் படித்து முடித்தார். "எல்லாம் சரியா இருக்குது. தேதி போடல. திருப்பிக் குடுத்து தேதி போட்டு வாங்கணும். அதுக்கப்புறம் நீ குளி."

நிமிர்ந்து பார்த்தார். மணிமாறனின் கார் சந்தைவிட்டுத் தெருவில் திரும்பி, புதுச்சேரி ரோட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவன் வீட்டுக்குத் திரும்புவது ராத்திரி ஏழரை மணிக்கு.

வடிவு சோப்புப் பெட்டியை மூடினாள்.